பையிலிருந்த நாலு கவுன்

பள்ளிக்கூடம் போகிற ஏழு வயசுப் பிள்ளைக்கு எத்தனை உடுப்பு வேண்டும்? நீங்களும் நானும் என்றால் வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இந்தக் கேள்வி போய் விழுந்த இடம் அப்படிப்பட்ட இடமில்லை. நூற்றெண்பது படுக்கைக்குத் துணிக்கணக்கு வைத்திருக்கிற ஒரு மனிதரின் காதில் போய் விழுந்தது. அவரை மூன்று வாரம் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட விடவில்லை.

அவருக்கு நாற்பத்தேழு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துணி அறைப் பொறுப்பாளர். லிஃப்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத நீள அறை. மூன்று சுவரிலும் இரும்பு அலமாரி. போர்வை, விரிப்பு, தலையணை உறை, நோயாளி அங்கி என்று எல்லாம் மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். படுக்கை ஒன்றுக்கு மூன்று செட். விரிப்பில் ஒன்று, வெளுப்பில் ஒன்று, இருப்பில் ஒன்று. புதிதாக வேலைக்குச் சேர்கிற நர்சுகள் மாத்திரைப் பெயர்களைக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் இதைத்தான் மனப்பாடம் செய்தாக வேண்டும். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'மூணுசெட்டு' என்று பெயர். பெரிய டாக்டர்கூட, "அந்த மூணுசெட்டைக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார். மனிதர் கோபித்துக்கொண்டதில்லை. அவரிடம் இருந்ததும் மூன்று பேன்ட், மூன்று சட்டைதான். கல்யாணம்தான் ஒரு செட்டுகூட அமையவில்லை.

அந்த அறையின் இன்னொரு வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். எந்தத் துணி உள்ளே வந்தாலும் வந்த அன்றைக்கே அதன் ஓரத்தில் வார்டு எண் எழுதப்படும். அதற்கென்று ஒரு கறுப்பு மைப் பேனா உண்டு. அந்த மை கொதிநீருக்கும் பயப்படாது, சலவைக் காரத்துக்கும் பயப்படாது. எண் விழுந்தால் விழுந்ததுதான். கிழிந்து தரை துடைக்கப் போகிற வரைக்கும் அந்தத் துணி அந்த வார்டுக்குச் சொந்தம். ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு இரவல் போகிற துணிக்கு மட்டும் மை கிடையாது. மூலையில் சிவப்பு நூலில் நாலு தையல் போடுவார்கள். இது நம்முடையது இல்லை, திரும்பிப் போக வேண்டியது என்று அதற்கு அர்த்தம். போகிற அன்றைக்கு நூலைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும், தடம்கூட இருக்காது.

இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருந்தவரிடம்தான் தங்கை போனில் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

ஒரே தங்கை. பத்து வயசு சின்னவள், நாலு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் வேறொரு ஊரில் இருந்தாள். அவள் புருஷன், மகளுக்கு இரண்டு வயசாகும்போது வேலை தேடிப் போகிறேன் என்று போனவன்தான். வேலையைத் தேடினானோ வேறு எதைத் தேடினானோ, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். அம்மாவும் மகளுமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இப்போது தங்கைக்கு வயிற்றில் கட்டி. பெரிய நகரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் அறுத்து எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"அண்ணா, குட்டியைக் கொஞ்ச நாள் உங்ககிட்ட விடலாமா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? கூட்டிட்டு வா. எத்தனை நாளாகும்னு டாக்டர் சொன்னாங்க?"

"மூணு வாரம்னாங்க. அதுக்கப்புறம் பாக்கலாம்னாங்க."

'பாக்கலாம்.' இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவருக்கு அந்த ஒரு சொல்லின் கனம் தெரியும். டாக்டர்கள் எதைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்வார்கள் என்றும் தெரியும். 

"எத்தனை துணி வைக்கட்டும்ணா?" என்றாள் தங்கை.

 நிறைய வை என்று சொல்லலாம். சொன்னால், நீ சீக்கிரம் வரமாட்டாய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் போதும் என்றால் பிள்ளையைச் சீக்கிரம் தள்ளிவிடப் பார்க்கிறான் அண்ணன் என்று நினைத்துக்கொள்வாளோ? ஒரு எண்ணைச் சொல்லித் தொலைக்க மனிதர் முழி பிதுங்கிப் போனார். கடைசியில், "நீயே பாத்து வைம்மா" என்று சொல்லி நழுவிவிட்டார். நழுவியதை நினைத்து அன்றைக்கு முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் சந்தித்தார்கள். அடுத்த பேருந்துக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. தங்கையின் முகம் பாதியாகியிருந்தது. அவளோடு வேலை பார்க்கிற தோழி ஒருத்தி துணைக்கு வந்திருந்தாள். குட்டியின் முதுகில் பள்ளிப் பை. கையில் ஜிப் வைத்த பச்சைத் துணிப்பை. இரண்டில் துணிப்பைதான் சின்னது. அவர் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"நாலு கவுன் இருக்குண்ணா. ராத்திரிக்குப் போட ரெண்டு. ஸ்வெட்டர், ரெயின்கோட். உள்ள போடறதெல்லாம் ஓரத்துல தனியா வெச்சிருக்கேன்."

"நாலா? பள்ளிக்கூடம் வாரத்துக்கு அஞ்சு நாளாச்சே!"

தங்கை சிரமப்பட்டுக் குனிந்து, பையை மகள் கையில் திரும்பக் கொடுத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "இதுல இருக்கறது போதும்டா குட்டி. இது தீர்றதுக்குள்ள அம்மா வந்துடுவேன். சரியா?" என்றாள். குட்டி தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற மாமாவும் இதைக் கேட்கத்தான் செய்தார். காதில் வாங்கினாரே ஒழிய மனசில் வாங்கவில்லை. அவர் மனசு முழுக்க நாலு, நாலு என்று அந்த எண்ணே ஓடிக்கொண்டிருந்தது.

வீடு மூன்றாவது மாடியில், கதவு எண் பன்னிரண்டு. இரண்டு அறை, ஒரு குளியலறை, துணி காயப்போட உள்ளேயே ஒரு கொடி. தன் அலமாரியில் நடுத்தட்டைக் காலிசெய்து வைத்திருந்தார். குட்டி அதைப் பார்த்தாள். "நான் பையிலயே வெச்சுக்கறேன் மாமா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே பையைத் தள்ளினாள். சரி, பிள்ளைக்குப் புது இடம், இரண்டு நாள் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியையைக் கெஞ்சிக் கூத்தாடி இரண்டாம் வகுப்பில் உட்கார இடம் வாங்கியிருந்தார். அந்தப் பள்ளியில் சீருடை கிடையாது. அதுதான் அவருக்குப் பெரிய கவலை. சீருடை என்றால் எல்லாப் பிள்ளையும் ஒன்று. சீருடை இல்லையென்றால் முதல் நாளே கண்கள் அளக்க ஆரம்பித்துவிடும். யாராவது ஒரு தாய், யாராவது ஒரு டீச்சர், பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, 'ஐயோ பாவம், கவனிக்க ஆளில்லை போல' என்று நினைத்துவிட்டால்? அந்தப் பார்வை ஒரு தடவைகூட இவள் மேல் விழக்கூடாது. தங்கைக்கு என்ன ஆகிறதோ அது தன் கையில் இல்லை. இது தன் கையில் இருக்கிறது. இதில் மட்டும் கோட்டை விட்டுவிடக் கூடாது என்று மனிதர் பிடிவாதமாக இருந்தார்.

வேலையிடத்தில் இதைப் பேச அவருக்கு ஒரே ஆள் உண்டு. இஸ்திரி எந்திரத்தில் நிற்கிற பெண்மணி. நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பதால் நீராவி அக்கா என்று பெயர். மூன்று பிள்ளை வளர்த்தவள். பேச்சும் எந்திரம் மாதிரிதான், சூடாக வரும்.

"பிள்ளைங்க துணி உங்க கணக்குக்குள்ள அடங்காது தம்பி. காலையில வெள்ளையா போகும், சாயங்காலம் என்ன கலர்னே தெரியாம வரும். என் ரெண்டாவது, சட்டை பட்டனையே தின்னுட்டு வந்தான்."

"அப்ப எத்தனை வேணும்ங்கறீங்க?"

"நாலு பத்தாது. மழைக்காலம், காயாது. இன்னும் ரெண்டு மூணு வாங்குங்க, போதும்."

இரண்டு மூன்று என்று சொன்னால் மூணுசெட்டுக்கு ஆகுமா? கணக்கென்றால் அதற்கு ஒரு அடிப்படை வேண்டாமா? சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தார். பள்ளிக்கூட நாள் ஐந்து. நாள் ஒன்றுக்கு மூன்று செட். விரிப்பில் ஒன்று, வெளுப்பில் ஒன்று, இருப்பில் ஒன்று. ஆக மொத்தம் பதினைந்து. நீராவி அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். சிரித்த சிரிப்பில் எந்திரத்தில் ஒரு தலையணை உறை தீய்ந்துபோனது.

"ஏன் தம்பி, பிள்ளை என்ன அஞ்சு பெட்டா?"

அவர் அசடு வழிந்தார். ஆனாலும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தப்பான கணக்காக இருந்தாலும் கையில் ஒரு கணக்கு இருந்தது அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை தோழியிடமிருந்து போன் வந்தது. புதன்கிழமை நடக்க வேண்டிய ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள், காய்ச்சல் இருக்கிறதாம். அன்று மாலை அவர் கடைக்குப் போய் ஆறு உடுப்பு வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை இன்னொரு போன், ரத்தம் குறைவாக இருக்கிறது, இன்னும் ஒரு வாரம். சனிக்கிழமை ஐந்து உடுப்பு வாங்கினார். கவலை வந்தால் சிலர் தூங்குவார்கள், சிலர் சண்டை பிடிப்பார்கள். இந்த மனிதர் துணிக்கடைக்குப் போனார்.

மூன்றாவது போன் அடுத்த செவ்வாய்க்கிழமை. "ஸ்கேன்ல இன்னொரு இடத்துலயும் ஏதோ தெரியுதாம். பெரிய டாக்டர் வந்து பாக்கணுமாம்" என்றாள் தோழி. அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அன்றைக்கும் கடைக்குப் போனார். கடைக்காரர், "என்ன வயசு?" என்று கேட்டார். ஏழு என்று சொல்ல வந்த வாய் ஒன்பது என்று சொன்னது. வளர்கிற பிள்ளைதானே, ஒரு இரண்டு வருஷத்துக்குப் போடலாமே என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். பொய். தங்கை இனிமேல் வரமாட்டாள் என்று அவர் மனசு அன்றைக்கு முடிவு கட்டிவிட்டது. அதை நேரே நினைக்கத் தைரியம் இல்லாமல் பெரிய அளவில் நாலு கவுன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பதினைந்து நிறைந்துவிட்டது.

வாங்கி வரும்போதெல்லாம் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். மேஜை மேல் துணிகளை அடுக்குவார். சட்டைப் பையிலிருந்து மைப் பேனாவை எடுப்பார். கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் ஒவ்வொன்றிலும் வீட்டு எண்ணை எழுதுவார். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. யோசித்துச் செய்ததில்லை. உள்ளே வந்த துணிக்கு அன்றைக்கே குறி போடாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். குட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது தண்ணியில போயிடுமா மாமா?"

"இதுவா? எந்தத் தண்ணியிலயும் போகாது!" என்றார் பெருமையாக.

முதல் தடவை எழுதி முடித்துவிட்டு, "உன் பையையும் எடுத்துட்டு வா, அதுக்கும் போட்டுடலாம்" என்றார். குட்டி ஓடிப்போய்ப் பச்சைப் பையின் ஜிப் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "இதுல எழுதாதீங்க" என்றாள். அம்மாவைப் போலவே அழுத்தம் என்று நினைத்துக்கொண்டு அவர் வற்புறுத்தவில்லை.

கடைசியாக வந்த நாலில் ஒன்றைக் குட்டி தன் மேல் வைத்துப் பார்த்தாள். அது முழங்காலைத் தாண்டிக் கணுக்கால் பக்கம் போனது. "இது யாருக்கு?" என்றாள். "உனக்குத்தான். அப்புறமாப் போட்டுக்கலாம்" என்றார். 'அப்புறம்' என்பது எப்போது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ, பாவம்.

அலமாரியின் நடுத்தட்டு நிறைந்து வழிந்தது. அழுக்குக் கூடையோ காலியாகவே இருந்தது. தினம் எத்தனை சுத்தத் துணி போகிறது, எத்தனை அழுக்குத் துணி வருகிறது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்த மனிதர் தன் வீட்டுக் கூடையைப் பார்த்து என்ன நினைத்தார் தெரியுமா? பிள்ளை ரொம்பச் சுத்தம், துணியை அழுக்காக்குவதே இல்லை என்று நினைத்தார். நீராவி அக்காவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள் அவை. காலையில் குட்டி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தானே உடுத்திக்கொள்வாள். வெளியே வரும்போதே ரெயின்கோட்டுக்குள் இருப்பாள். கழுத்து வரைக்கும் பட்டன். மாலையில் அழைத்து வரும்போதும் அதேதான். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே குளியலறைக்குப் போய் ராத்திரி உடுப்போடு வருவாள். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும். கைகால் கழுவுகிறாள் என்று அவர் இரவுச் சாப்பாட்டு வேலையைப் பார்ப்பார். ஒரு காது போனிலேயே இருக்கும்.

வியாழக்கிழமை தங்கைக்கு ஆபரேஷன் நடந்தது. ஆறு மணி நேரம் என்றாள் தோழி. எடுத்துவிட்டார்களாம், ஆனால் கண் விழிக்கவில்லையாம், பாக்கலாம் என்றார்களாம். மறுபடியும் அந்தச் சொல். மறுநாள் வெள்ளிக்கிழமை, அவர் அந்தச் சொல்லை மென்று முழுங்க முடியாமல் பள்ளி வாசலில் நின்றபோது குட்டி இருமிக்கொண்டே வந்தாள். வகுப்பு டீச்சர் ஒரு கடிதத்தை அவர் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

'குழந்தை இரண்டு வாரமாக ஒரே நீல நிற உடையில் வருகிறாள். பெரும்பாலான நாட்களில் அது ஈரமாக இருக்கிறது. மாற்று உடைக்குச் சிரமம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். மற்றப் பெற்றோர் கொடுத்த நல்ல உடைகள் பள்ளியில் இருக்கின்றன.'

படித்து முடித்தபோது அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எந்தப் பார்வை விழக்கூடாது என்று இரண்டு வாரம் ஓடினாரோ அந்தப் பார்வை விழுந்து, எழுத்தாகக் கைக்கே வந்துவிட்டது. நூற்றெண்பது படுக்கைக்கு உலர்ந்த விரிப்பு கொடுக்கிறவன் வீட்டுப் பிள்ளை ஈரத் துணியோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறது. ரெயின்கோட்டுப் பட்டனைக் கழற்றிப் பார்த்தார். நீலக் கவுன். தொட்டுப் பார்த்தார். இடுப்புப் பக்கம் இன்னும் சில்லென்று இருந்தது.

 வீட்டுக்கு வந்து, உலர்ந்த துணி மாற்றி, வெந்நீர் கொடுத்த பிறகு அலமாரியைத் திறந்து காட்டிக் கத்திவிட்டார்.

"பதினஞ்சு வாங்கி வெச்சிருக்கேன்! எதுக்கு வெச்சிருக்கேன்? ஊர் சிரிக்கறதுக்கா? ஏன் ஒண்ணுகூடப் போடல?"

குட்டி அழவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அது அவரை இன்னும் பயமுறுத்தியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "மாமா கத்தமாட்டேன். சொல்லு."

"அதுல உங்க வீட்டு நம்பர் இருக்கு."

"இருந்தா?"

"சோப்புப் போட்டுத் தேச்சுப் பாத்தேன். போகல. போகாதுன்னு நீங்களே சொன்னீங்க. அதைப் போட்டுக்கிட்டா நான் இந்த வீட்டுப் பிள்ளை ஆயிடுவேன். அம்மா வந்தா கூட்டிட்டுப் போக முடியாது."

 அவர் எழுந்து அலமாரியைச் சாத்திவிட்டு, "சரி, அது போகட்டும். பையில உன் கவுனே இன்னும் மூணு இருக்கே, அதைப் போட்டிருக்கலாமில்ல?" என்றார்.

குட்டி கட்டிலுக்குக் கீழிருந்து பச்சைப் பையை இழுத்து ஜிப்பைத் திறந்து காட்டினாள். மூன்று கவுனும் அம்மா மடித்த மடிப்பு கலையாமல் இருந்தன.

"பையில இருக்கறது தீர்றதுக்குள்ள வந்துடுவேன்னு அம்மா சொன்னாங்க. நாலும் போட்டுட்டா தீர்ந்துடும். அம்மாவுக்கு லேட்டாகுதுன்னு நீங்க போன்ல பேசினதைக் கேட்டேன். அதான் ஒண்ணையே துவைச்சுத் துவைச்சு, ராத்திரி கட்டிலுக்கு அடியில காயப்போட்டுப் போட்டுக்கறேன். மூணு மிச்சம் இருக்கு. அது வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

பேருந்து நிலையத்தில் காதில் விழுந்து மனசில் விழாமல் போன வாக்கியம் அப்போதுதான் அவருக்கு வந்து சேர்ந்தது. அவர் தாளை வைத்துப் போட்ட கணக்கையெல்லாம் இந்தப் பிள்ளை தாள் இல்லாமல் போட்டிருக்கிறது. அவருடைய பதினைந்தும் தங்கை வரமாட்டாள் என்ற கணக்கு. இவளுடைய ஒன்று, அம்மா வந்தே தீருவாள் என்ற கணக்கு. அம்மா சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று ஏழு வயசு உடம்பில் ஈரத் துணியைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதார். குட்டி என்ன செய்வதென்று தெரியாமல் தன் ஸ்வெட்டர் கையால் அவர் கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் காலை இருவருமாக ஆஸ்பத்திரித் துணி அறைக்குப் போனார்கள். பதினைந்து உடுப்பும் ஒரு பெரிய மூட்டையில் போயின. நீராவி அக்காவிடம் நடந்ததைச் சொன்னார். எப்போதும் சிரிக்கிறவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. எந்திரத்தை நிறுத்திவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மையைப் போக்க ஒண்ணும் இல்லையா தம்பி?"

"இருந்தா அந்த மையை நான் வாங்கியிருக்கவே மாட்டேனே அக்கா."

அப்புறம் அவர் மேஜை இழுப்பறையிலிருந்து சிவப்பு நூல்கண்டை எடுத்தார். அலமாரியிலிருந்து ஒரு போர்வையையும் எடுத்துக் குட்டியின் மடியில் விரித்து, மூலையிலிருந்த நாலு சிவப்புத் தையலைக் காட்டினார்.

"இது வேற வார்டுப் போர்வை. கொஞ்ச நாளைக்கு இங்க வந்திருக்கு. இந்த நூல் இருந்தா யாரும் இதைத் தன்னோடதுன்னு வெச்சுக்க முடியாது. திருப்பிக் குடுத்தே ஆகணும். என்ன நம்பர் எழுதியிருந்தாலும் சரி, நூல் சொல்றதுதான் இங்க சட்டம்."

"பெரிய டாக்டர் கேட்டாலுமா?"

"பெரிய டாக்டரோட அப்பா வந்து கேட்டாலும் கிடையாது."

குட்டி நீராவி அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினாள். "ஆமா பாப்பா. இந்த விஷயத்துல உங்க மாமா யார் பேச்சையும் கேக்க மாட்டாரு."

அவர் ஊசியில் நூலைக் கோத்தார். பன்னிரண்டு என்று தான் எழுதிய ஒவ்வொரு இடத்திலும், அந்த எண்ணின் மேலேயே நாலு சிவப்புத் தையல். குட்டி எண்ணிக்கொண்டு வந்தாள். மூன்று தையலோடு நிறுத்தியதை ஒரு இடத்தில் கண்டுபிடித்துத் திரும்பப் போடவைத்தாள். பதினொன்று முடிந்தது. கடைசி நாலு வந்ததும் அவர் கை தயங்கியது. பெரிய அளவு. அவற்றை மூட்டையோடு ஒளித்துவிடலாமா என்று பார்த்தார். குட்டி ஒன்றை இழுத்து எடுத்தாள்.

"இது எனக்கு எப்ப சரியா இருக்கும் மாமா?"

"இன்னும்... ரெண்டு வருஷம் கழிச்சு."

குட்டி யோசித்தாள். "அப்ப நான் எங்க வீட்டுல இருப்பேன். இதுக்கும் போடுங்க."

போட்டார். முன்னைவிட நெருக்கமாக, ஒவ்வொன்றுக்கும் ஆறு தையலாகப் போட்டார்.

திங்கட்கிழமை குட்டி மஞ்சள் உடுப்பு போட்டுக்கொண்டு போனாள். உலர்ந்த உடுப்பு. பள்ளி வாசலில் ரெயின்கோட்டைக் கழற்றி, கழுத்துப்பட்டையைத் திருப்பி டீச்சருக்குச் சிவப்பு நூலைக் காட்டினாள். டீச்சர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார், ஆனால் சட்டைப் பையிலிருந்த போனை அவர் விரல் விடவில்லை. சனிக்கிழமை தங்கை கண் விழித்துவிட்டாள் என்று தோழி சொல்லியிருந்தாள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று.

புதன்கிழமை மாலை, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தோழியின் எண். எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.  அப்புறம் தேய்ந்துபோன ஒரு குரல் வந்தது.

"அண்ணா."

தங்கையின் குரல். அவர் கொடியைப் பிடித்துக்கொண்டார். "சொல்லும்மா. சொல்லு. நான்தான்" என்றார். 

"சொன்னதைவிட லேட்டாகும்ணா. இன்னும் ஒரு மாசம் இங்கயே இருக்கணுமாம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "குட்டிக்கு நாலுதான் வெச்சு அனுப்பினேன். பாவி நான். துணி பத்தலையா?"

அவர் பதில் சொல்வதற்குள் குட்டி போனைப் பிடுங்கிக்கொண்டு கட்டில் பக்கம் ஓடினாள். பச்சைப் பையை இழுத்து, ஜிப்பைத் திறந்து, கையை உள்ளே விட்டு எண்ணினாள்.

"அம்மா, பையில இன்னும் மூணு இருக்கும்மா. நான் போடவே இல்ல. நீ மெதுவா வா."